பதினாலாவது ஓவர்

வெந்த கடலைக்காயின் உப்பு கலந்த ஆவி மூக்கில் ஏறினால் போதும், ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் முன்னறையும், அங்கே சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த டீவியும், அதற்கு எதிரே ஒயர் சேரில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்த என் அப்புச்சியும் கண்முன் வந்துவிடுகிறார்கள். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் 'அப்புச்சி' என்போம். பீளமேட்டில் ஒரு பம்புசெட்டுப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, அவர் மனைவி, என் அம்மாயி, இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவர். அவருக்கும் பதினோரு வயதுச் சிறுமியான எனக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், கிரிக்கெட்.

டீவியின் சத்தத்தை அடக்கியது அவர்தான். "அவன் இங்கிலீசுல திட்டறானா பாராட்டறானான்னு ஆரு கண்டா?" என்று சொல்லிவிட்டு ஆட்டம் முழுவதற்கும் தானே பேசுவார். வீசித் தவறவிட்டவனைப் பார்த்து, "கொசு அடிக்கறதுக்கு எதுக்குடா இத்தாப் பெரிய கட்டை?" ரன் எடுக்காமல் கட்டை போட்டுக்கொண்டே நிற்பவனைப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்ட, வாயவே தொறக்க மாட்டீங்கறான் பாரு." கைக்கு வந்த பந்தை நழுவவிட்டால், "கிரீசு தொட்ட கையக் கழுவாமயே வந்துட்டானாட்ட இருக்குது." எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டில் ஆட்டம் ஓடியது, ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டது எங்கள் வீட்டில்தான் என்று அம்மா சொல்வாள்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் ஒரு பூட்டும் இருந்தது. நம் ஆட்கள் இரண்டு பேர் நிலைத்து நின்று ரன் சேர்க்க ஆரம்பித்துவிட்டால், அந்த ஜோடி பிரிகிற வரைக்கும் அறையில் யாரும் இடம் மாறக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, தலையைக்கூடத் திருப்பக் கூடாது. ஒருமுறை என் மாமா தண்ணீர் குடிக்க எழுந்த பந்தில் ஒருவன் அவுட் ஆக, மாமாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்த மனுசன் போட்ட சட்டம் அது. கடலைக்காயை உரிக்க மட்டும் விரல்களுக்கு அனுமதி உண்டு. நான் ஒருநாள் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தும் பத்து ஓவர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில், "நேத்து செயிச்சது அவனுங்க இல்லீங்க, எம் பேத்திங்க" என்று ஆரம்பித்து அவர் விளக்கமாகச் சொல்ல, எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் கொடுமுடியில் ஒரு காதுகுத்துக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்கள். "கெழவனையும் கொமரியையும் தனியா உட்டுட்டுப் போறேன், ஊடு ஊடாட்ட இருக்கணும்" என்று அம்மா படியிறங்கும்போது சொன்னாள். மதியம் சோறு தின்றுவிட்டு நம் ஆட்கள் துரத்த ஆரம்பித்ததும் உட்கார்ந்தோம், அவர் சேரில், நான் அவருக்கு முன்னால் தரையில். மூன்று விக்கெட் மளமளவென்று போனது. நான்காவது ஜோடி நின்றது. அப்புச்சி தொண்டையைச் செருமி, "இனி ஆரும் அசையப்படாது அம்மணி" என்றார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

பதினாலாவது ஓவரில் எனக்குப் பின்னாலிருந்து 'ம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. இருமல் இல்லை, பேச்சும் இல்லை. நான் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்து, "உஸ்... பேசப்படாதுங்க அப்புச்சி" என்றேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. சிறிது நேரத்தில் ரிமோட் தரையில் விழுந்த சத்தம் கேட்டது, அதற்கும் நான் திரும்பவில்லை. கடலைக்காய் உரிபடும் சத்தம் நின்றுபோனதுகூட எனக்குத் தெரிந்தது. ஆட்டம் இறுகிவிட்டதால் அவர் தின்பதையும் விட்டுவிட்டார், என்னைவிட ஒரு படி கடுமையாகச் சட்டத்தைக் காக்கிறார் என்றுதான் நினைத்தேன், நினைத்து நானும் கடலையைக் கீழே வைத்தேன்.

முப்பத்தேழாவது ஓவரில் ஜோடி பிரிந்தது. "போச்சுங்க அப்புச்சி!" என்று துள்ளித் திரும்பினேன். அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை சேருக்கு வெளியே தொங்கியது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, தெரியவில்லை.

கீழ்வீட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் குடியிருந்தார். நான் போட்ட கத்தலில் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்து, "மாமா, இங்க பாருங்க மாமா, நான்தான்" என்று அப்புச்சியின் கன்னத்தைத் தட்டினார். பிறகு அவரும் அவர் மகனுமாக ஒயர் சேரோடு தூக்கிப் படியிறக்கி அவர்கள் கடை வேனில் ஏற்றினார்கள். நாலு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி.

அங்கே இளம் டாக்டர் ஒருவர் என் உயரத்துக்குக் குனிந்து, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது பாப்பா? இதுதான் ரொம்ப முக்கியம், நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்திருக்கவே இல்லை.

"பதினாலாவது ஓவருங்க" என்றேன்.

நர்ஸ் என்னை அதட்ட வாயெடுத்தார். டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருந்த டீவியை எட்டிப் பார்த்தார். நாற்பத்தோராவது ஓவர். அவர் உதடுகள் கணக்குப் போட்டன. "ரெண்டு மணி நேரம்" என்று நர்ஸிடம் சொன்னார். பிறகு பாயிடம் மெதுவாக, "வீடு இங்கயேதானே இருக்கு, உடனே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், நான் நிற்பதைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் ஸ்டிரெச்சரின் பின்னால் போய்விட்டார். அது இன்றைக்கும் முடியாமல்தான் இருக்கிறது.

ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், உயிர் நின்றது. வலது கையும் பேச்சும் வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் தப்பிப் பிழைத்திருந்தது, 'சரி'. காப்பி வேணுங்களா என்றால் சரி, வேண்டாங்களா என்றாலும் சரி. வலிக்குதா, சரி. நான் யார் தெரியுதுங்களா, சரி. பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "புள்ள தனியா இருந்துச்சுங்க, அதுக்கென்ன தெரியும் பாவம்" என்பாள். வந்தவர்கள் என் தலையைத் தடவுவார்கள். எனக்கென்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். நான் 'உஸ்' என்று சொன்னதை அம்மாவிடம் சொல்லவே இல்லை. இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப்போகிறாள்.

அவரிடம் மட்டும் கேட்டேன். அம்மா மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்த ஒரு நாளில், கட்டிலருகே உட்கார்ந்து, "அன்னைக்கு என்னையக் கூப்பிட்டீங்களா அப்புச்சி?" என்றேன். "சரி" என்றார். "கூப்பிடலீங்களா? ஆட்டத்துக்குத்தானுங்களே சும்மா இருந்தீங்க?" என்று மாற்றிக் கேட்டேன். அதே முகம், அதே குரல், "சரி". எப்படி எப்படியோ திருப்பித் திருப்பிக் கேட்டேன். கடைசியில் அவர் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். நான் மறுபடி கேட்கவில்லை.

இப்போது நான் இதே கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறேன். ஆட்டத்தை எல்லோரும் பஸ்ஸில் நின்றுகொண்டும் கைக்குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டும் செல்போனில் பார்க்கிறார்கள். அந்த மாடி வீட்டை இடித்து அங்கே ஸ்கேன் சென்டர் கட்டியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. அப்புச்சியின் குரல் எனக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது, அதுதான். அவர் சொன்னவை எல்லாம் சொல் மாறாமல் நினைவிருக்கின்றன, ஆனால் மனதுக்குள் அவற்றைச் சொல்லிப் பார்த்தால் என் குரலில்தான் கேட்கின்றன. மாமாவின் கல்யாண வீடியோவைப் போன மாதம் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். பந்தி நடக்கிறது. அப்புச்சி இலை முன் உட்கார்ந்து, ரசவாளியோடு நிற்கிற ஒருவரிடம் நிமிர்ந்து ஏதோ சொல்கிறார், சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த ஆள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்த இடம் முழுக்க வீடியோக்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறார்.