ஆறு அரசுகளும் மலையேறிய ஊரும்

என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலை எனக்குக் கிடைத்தது. திருவனந்தபுரத்தில் கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனம். ஓர் அரசைத் தேர்ந்தெடுத்து, பயிரிட்டு, வணிகம் செய்து, படை நடத்தி வளர்க்கும் வரலாற்று விளையாட்டு ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். நான் வரலாறு படித்தவள் என்பதால் குறிப்புகள் எழுதித் தருவது என் பொறுப்பு. சில மாதம் என் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கெடு முடியும் நேரத்தில்தான் குழுத் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

விளையாட்டில் பன்னிரண்டு நாகரிகங்களை வைக்க அவர்களுக்கு ஆசை. படம் வரைய ஆள் இருந்ததோ ஆறுக்குத்தான். எந்த ஆறு என்று நான் சொல்ல வேண்டும்.

இது என்னை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கும் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை தூங்கும் நேரமெல்லாம் எழுதினேன். சேர, சோழ, பாண்டியர் மூவரில் யாரை விட்டாலும் தமிழ்நாட்டில் திட்டுவார்கள், ஆகவே மூவரும் உண்டு. விஜயநகரத்தை விட முடியாது. இலங்கை வேண்டும். கடல் கடந்து ஒன்று இருக்கட்டும் என்று ஸ்ரீவிஜயம்.

வேணாட்டை எழுதி எழுதி அழித்தேன். பின்னாளில் திருவிதாங்கூராக வளர்ந்த சின்ன அரசு அது. எங்கள் வீடு இருக்கும் தக்கலைப் பக்கமெல்லாம் அதன் கைக்குள் இருந்ததுதான். அதைச் சேர்த்தால் சொந்த ஊர்ப் பாசம் என்று அலுவலகத்தில் சொல்லலாம். வீட்டிலும் பேச்சு வரும். எங்கள் கிறிஸ்தவ சபையில் பெரியவர்கள், பெண்களுக்கு மேலாடை மறுத்த திருவிதாங்கூர் ராஜாக்களைப் பற்றி நல்லபடியாகப் பேசி நான் கேட்டதில்லை. அது வேணாட்டுக்குப் பல நூற்றாண்டு கழிந்து நடந்த கதை, ஆனாலும் யாரிடம் போய் விளக்குவது? வேணாடு இல்லாமலே ஆறு பெயர்களையும் அனுப்பிவிட்டேன். அனுப்பியது முதல் நிம்மதி இல்லை.

சனிக்கிழமை, நான் மைனி என்று கூப்பிடும் கணவரின் அக்கா வந்தார். தக்கலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வாய் சும்மா இருக்காது. நான் தரையில் சார்ட் தாளில் வரைபடம் வரைந்து, அரசுகளுக்கு அட்டை வெட்டி வைத்து, ஆட்டம் எப்படிப் போகும் என்று தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, நீ வேல செய்யியா, வெளயாடுதியா?"

"ரெண்டும்தான் மைனி."

"அப்போ எனக்கும் ஒரு ராஜாவத் தா."

படைவீரர்களுக்குப் புளியங்கொட்டை வைக்கலாம் என்றார். குழந்தை எடுத்து விழுங்கிவிடும் என்று பயந்து, நான் கொடியிலிருந்து துணிக் கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மைனி அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"நம்ம ஊரு எங்க?"

"எடுக்கல்ல மைனி. சோழர எடுங்க."

"சோழன் எனக்கு என்ன, மாமன் மகனா? நம்ம ஊரத் தாட்டி."

ஒரு வெற்று அட்டையில் வேணாடு என்று எழுதிக் கொடுத்தேன். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவே நெல்லும் மிளகும், கையில் நாலே நாலு கிளிப். நான் பாண்டியர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கை நிறையக் கிளிப்புகளோடு வேணாட்டின் நாஞ்சில் வயல்களுக்குள் இறங்கினேன்.

"இவ்வளவு பேரயும் கூட்டிட்டு வாறியா? எனக்க கிட்ட நாலு பேருதானே உண்டு! இதுல என்ன நியாயம்?"

அப்போதுதான் எப்போதோ படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. வரியும் படையெடுப்பும் தாங்க முடியாமல் நாஞ்சில் நாட்டார் ஒருமுறை கூடி, இனியும் நெருக்கினால் ஊரைப் போட்டுவிட்டு மலையேறிவிடுவது என்று தீர்மானித்தார்களாம். அதை மைனியிடம் சொன்னேன்.

"அப்போ எனக்க ஆளுவளையும் மலையில ஏத்து" என்று சொல்லி, தன் நாலு கிளிப்புகளையும் எடுத்து, மலையாக வைத்திருந்த தலையணையின் ஓரத்தில் மாட்டிவிட்டார். "இனி நீ வயல்ல நில்லு."

நின்றேன். விதைக்க ஆள் இல்லை, அறுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் என் படைக்குச் சோறு குறைந்துகொண்டே வந்தது. மைனி மலையிலிருந்தபடியே கப்பல்காரனுக்கு மிளகு விற்றார்.

"என்ன பாண்டியரே, கஞ்சி குடிச்சீரா?"

என் மகள் என்ன புரிந்ததோ, கை தட்டினாள். நான் படையைத் திருப்பிக்கொண்டு போனேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த வாரத்தில் முதல் முறையாக.

பிறகு நான் அனுப்பியிருந்த ஆறையும் வைத்து ஆடிப் பார்த்தோம். சோழர் படை சேர்த்துப் போய் அடித்தார்கள், பாண்டியரும் அப்படியே, விஜயநகரமும் அப்படியே. மைனி கொட்டாவி விட்டார்.

"ஏட்டி, ஒரே சேலைய ஆறு கலருல வச்சிருக்கே. இத எனக்க கடையில வச்சா வாறவ வெளிய எறங்கிப் போவா."

"ஸ்ரீவிஜயம் அப்படியில்ல மைனி, அது கப்பல வழிமறிச்சு சுங்கம் வாங்கும்."

"செரி, அது வேணும்னா இருக்கட்டு."

அவர் போன பிறகு எனக்கு உறைத்தது. புகழ் பார்த்தும், யார் திட்டுவார்கள் என்று பார்த்தும் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆடுகிறவருக்கு ஒவ்வொன்றும் வேறுவேறாக இருக்குமா என்று பார்க்கவே இல்லை.

ஆனால் அனுப்பியதை மாற்றலாமா? நிரந்தரம் செய்யப்போகும் நேரத்தில், இவளுக்கே இவள் சொன்னதில் உறுதி இல்லை என்று நினைத்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. கணவரிடம் கேட்டேன். "மாத்தாம இருந்தா நீ ஒறங்குவியா?" என்றார். மத்தியானம் எழுதி அனுப்பினேன்: விஜயநகரத்தை எடுத்துவிடலாம், வேணாட்டைச் சேர்க்கலாம், காரணம் இது, மலையேறும் விதி இது. இது என் சொந்த ஊர், அதையும் மனதில் வைத்துப் படியுங்கள் என்றும் சேர்த்தேன். அனுப்பிய கையோடு, அந்தக் கடைசி வரி வேண்டாமோ என்று தோன்றியது.

திங்கட்கிழமை குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது குழுத் தலைவர் அழைத்தார். அவர் மலையாளத்தில் பேசுவார், நான் எங்கள் ஊர்த் தமிழில் பேசுவேன். அதில் இருவருக்கும் சிரமம் இருந்ததில்லை.

"மலையேறினவர்கள் எப்போது இறங்குவார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. "பகை போன பிறகு, விதைப்புக்கு முன்னால்" என்றேன், வாயில் வந்ததை.

"விதைப்பைத் தவறவிட்டால் அந்த வருஷம் அவர்களுக்கும் பட்டினி. நல்லது, அப்படியே வைத்துக்கொள்வோம்." பிறகு பெருமூச்சு விட்டார். "விஜயநகரத்துக் குதிரைகளை வரைய நம் ஓவியர் ஆசையாக இருந்தார். பரவாயில்லை. நாளைக்குத்தான் வரைய ஆரம்பிக்கிறார். நாளை மறுநாள் மாற்றியிருந்தால் திட்டியிருப்பேன்."

குழந்தை என் கையிலிருந்த உருண்டையைத் தட்டிவிட்டாள். நான் கேட்டுவிட்டேன். "இப்படி மாற்றினது, என்னை நிரந்தரம் செய்வதற்குத் தடையாக இருக்குமா சார்?"

"போன மாசமே முடிவு செய்தாயிற்றே. நான் சொல்லவில்லையா?"

"இல்லை சார்."

"ஐயோ. கணக்குப் பிரிவில் சொன்னேன். உங்களிடம் சொல்ல மறந்திருக்கிறேன்."

போனை வைத்துவிட்டு உடனே மைனியை அழைத்துச் சொன்னேன்.

"பின்ன என்னத்துக்குட்டி அழுதே?"

"அழல்ல மைனி, சிரிக்கேன்."

"கொள்ளாம். ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கு. நீ மொதல்ல எதாவது தின்னு."

தின்றேன். சோறும் மீன்குழம்பும், சூடு ஆறுவதற்குள். குழந்தையைத் தூங்க வைக்கப் பக்கத்தில் படுத்தவள் நானும் தூங்கிப்போனேன். சாயங்காலம் கணவர் வந்து கதவைத் தட்டியது எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, சமையலறை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு எழுப்பினார்.