அத்தான் அழித்த பூக்கள்

பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுண்டரில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். அங்கே கம்ப்யூட்டர் நின்றுபோனால் வயரைப் பிடுங்கிச் செருகி ஓட வைப்பார். அந்தக் கைப்பழக்கத்துக்கே மனைவி வீட்டில் 'கம்ப்யூட்டர் அத்தான்' என்று பெயர் வாங்கிவிட்டார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தப் பெயரில் அவருக்கும் கொஞ்சம் மயக்கம் இருந்தது.

மைத்துனி தன் வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி தொழில் நடத்துகிறாள். மெஷினுக்கு டிசைன் அனுப்பும் மென்பொருள் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். ஆர்டர் எடுக்கும் இணையதளமோ அதில் திறக்கவே மாட்டேன் என்றது.

"பழசு பாட்டுக்கு இருக்கட்டும், பக்கத்துலயே புதுசைப் போட்டுடலாம். ஆன் பண்றப்போ எது வேணுமோ அதை எடுத்துக்கலாம்" என்று சொல்லி, சனிக்கிழமை காலை பென் டிரைவோடு வந்து இறங்கினார்.

"அத்தான், டிசைனையெல்லாம் வேற எதுலயாவது காப்பி எடுத்து வெச்சுக்கவா?"

"அதெல்லாம் எதுக்கு? அரை மணி நேர வேலை."

'பழையதோடு சேர்த்து நிறுவு' என்றொரு வரி திரையில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். வரவில்லை. 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதுதான் இருந்தது. காலி இடத்தைத்தான் அழிக்கும்போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மைத்துனி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'எனக்குத் தெரியல' என்று சொல்ல வாய் வரவில்லை. அழுத்திவிட்டார்.

புதுசு பளிச்சென்று வந்தது. பழசைக் காணோம். ஏழு வருடமாக அவள் வரைந்து சேர்த்த நானூறு டிசைன்கள், பூவும் கொடியும் மயிலுமாக, போன இடம் தெரியவில்லை.

"டிஸ்க் பழசும்மா. டிசைன் இருந்த பகுதி பாதியிலேயே உயிரை விட்டுடுச்சு" என்றார்.

அவள் முகம் வெளிறியது. ஆனாலும், "நீங்க என்ன பண்ணுவீங்க அத்தான், விடுங்க" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். அதைத் தாங்க முடியாமல் மாலைவரை அந்தக் கம்ப்யூட்டரில் எதையெதையோ ஏற்றி, ஏதோ வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அந்த டிஸ்க்கை முன்பு போட்டுக்கொடுத்த ரிப்பேர்காரரை அவள் வரவழைத்தாள். வயதானவர். வந்ததுமே, "நான் போட்டது இவ்வளவு சீக்கிரம் போகாதேம்மா" என்று சங்கடப்பட்டார். அத்தானும் அங்கேதான் இருந்தார். ரிப்பேர்காரர் இரண்டு நிமிடம் சோதித்தார். பிறகு திரும்பி அத்தானை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

"சரிம்மா, என் பொருள்தானே. வேற ஒண்ணு போட்டுத் தரேன்" என்றார்.

செய்யாத தப்பை அந்த மனிதர் தன் தலையில் போட்டுக்கொண்டதும் அத்தானுக்குக் காது மடல் சுட்டது.

"டிஸ்க்குல ஒண்ணும் இல்லம்மா. நான்தான் அழிச்சிட்டேன். பொய் சொன்னேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

மைத்துனி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இப்ப மீட்க முடியுமாண்ணே?" என்று ரிப்பேர்காரரைத்தான் கேட்டாள்.

"அழிஞ்சவுடனே நிறுத்தியிருந்தா முக்காவாசி மீட்டிருக்கலாம்மா. அதுக்கு மேல நிறைய ஏத்திட்டாங்களே."

"நேத்தே சொல்லியிருக்கலாமே அத்தான்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அறுபது டிசைன்கள் திரும்பின. மிச்சத்தைப் பழைய மாதிரித் துணிகளைப் பார்த்து அவள் மறுபடி வரைகிறாள். ஞாயிறுதோறும் அவர் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சுருக்கமில்லாமல் துணியை இழுத்துப் பிடித்துக்கொடுக்கிறார். "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பதைத் தவிர அவள் அதிகம் பேசுவதில்லை. நடந்ததைப் பற்றித் தன் அக்காவிடம் அவள் மூச்சுகூட விடவில்லை.

"என் தங்கச்சிக்காக ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடாம போறீங்களே. யாருக்குங்க இந்த மனசு வரும்?" என்று மனைவி தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

அவர் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார்.