அந்த நாய் நின்ற இடம்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் ரோந்து நாயைக் கையாண்டவர். கிழக்கு எல்லைக் காட்டில் ரோந்து போகும்போது எல்லாருக்கும் முன்னால் அவரும் நாயும்தான். குரைக்கவே கூடாது என்று பழக்கிய நாய் அது. ஆபத்தென்றால் நின்று காதை விறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் அவர் வேலை. பட்டாளத்தை விட்டு வந்ததும் நெய்வேலி சுரங்கத்தில் செக்யூரிட்டி வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்தன.

"கண்ணிவெடியில நாய் செத்துடுச்சி, நாங்க பொழச்சோம்." என்னிடம் அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை நான் சேர்த்துக்கொண்டேன். பிளாக்கில் இன்ஜினியர் மனைவிகள் அளக்கிற அளப்புக்கு, செக்யூரிட்டி பெண்டாட்டிக்கும் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டாமா? மண்ணெண்ணெய் வரிசையில் கண், காது, மூக்கு வைத்துச் சொன்னேன். இவர் கையைக் காட்டினாராம், நாய் பாய்ந்துபோய் வெடியை மிதித்து முப்பது பேரைக் காப்பாற்றியதாம்.

அந்த வருஷச் சுதந்திர தினத்துக்கு எங்கள் பிளாக்கில் கொடியேற்ற இவரைக் கூப்பிட்டார்கள். பட்டாளத்துக்காரர் என்பதால் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர் மாலை போட்டுவிட்டு, மைக்கில் என் கதையை அப்படியே ஒப்பித்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அது பாயலிங்க. நின்னுடுச்சி. காத நட்டுகினு ஒரு அடி நவுரல. கொரங்கு ஏதோ இருக்குதுன்னு நான்தான் நெனச்சிட்டேன். பின்னால வந்தவங்க நேரமாவுதுன்னாங்க. கழுத்து வாரப் புடிச்சி முன்னால போன்னு இழுத்தேன். என் பேச்ச அது தட்டாதுங்க. கால எடுத்து வச்சிது, போயிடுச்சி."

யாரும் கைதட்டவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். மிட்டாய்த் தட்டு எங்கள் பக்கம் வந்தது, நான் எடுக்கவில்லை.

அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது. நாளைக்கு எந்த முகத்தோடு வரிசையில் நிற்பது, ஊரைக் கூட்டி இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று அவர் மேல்தான் ஆத்திரம். செத்துப்போன நாய் நினைவிலேயே இல்லை.

எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"நீ ஏன் தலய குனிஞ்சிகினு வர? இழுத்தது நான்தான" என்றார்.

அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். நாய்க்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். என் முதுகைத் தடவிக்கொடுத்து, "அதுக்கு வலிச்சிருக்காதுடி" என்றார்.