பேத்தியின் காகமும் என் மயிலும்

குழந்தைகளுக்கான கைவேலை என்ற பெயரில் மயிலாப்பூரில் நடக்கும் கூத்தை நான் பல வருடங்களாகக் கேலி செய்து வந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் பிள்ளையிடம் கேட்கிறது. அம்மா பாண்டி பஜாருக்கு ஓடுகிறாள். அப்பா அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஐஸ்கிரீம் குச்சியில் கலங்கரை விளக்கம் கட்டுகிறார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறது. மறுநாள் அதே பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரிசு வாங்கி வருகிறது. அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் வேறு. எங்கள் அடுக்குமாடியிலேயே மூன்று வீடுகளில் அப்படித் தொங்குகிறது. நான் கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். பிட் வைத்திருந்த மாணவர்களைத் தேர்வறையிலிருந்து வெளியே அனுப்பியவன். சிரிக்கும் உரிமை எனக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம், அப்போது மூன்றாவது படித்த என் பேத்தியின் பள்ளியில் பறவைக் கண்காட்சி. காகிதச் சுருளில் ஒரு பறவை செய்துவர வேண்டும். குவில்லிங் என்கிறார்கள். மெல்லிய காகிதப் பட்டையை நுனி பிளந்த ஊசியில் செருகிச் சுற்றி, பசை தடவி, அட்டையில் ஒட்டுவது. வேலையற்றவர்களின் வேலை என்று அதையும் திட்டி வைத்திருந்தேன்.

அவள் நான்கு மாலை வேளைகள் தரையில் குப்புறப் படுத்து ஒரு காகம் செய்தாள். எங்கள் பால்கனிக் கம்பியில் வந்து உட்காருமே, அந்தக் காகம். சுருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒரு கண் மிளகளவு, மற்றது கொண்டைக்கடலை அளவு. வைத்த சோற்றை நம்பலாமா என்று யோசிப்பதுபோலக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று கோணல் மட்டும்தான் தெரிந்தது.

“காக்காயை யாராவது கொண்டுபோய்க் கண்காட்சில வைப்பாளா? அமாவாசைக்குக் கூப்பிடற ஜந்து அது” என்றேன்.

“அது தினமும்தான் வரது தாத்தா. நீதான் அமாவாசைக்கு மட்டும் பாக்கறே” என்றாள்.

மருமகள் சமையலறையிலிருந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பேத்தி பள்ளிக்குப் போனதும் மாட வீதிக் கடையில் நீலமும் பச்சையுமாகப் பட்டைகள் வாங்கி வந்தேன். இரண்டு பகல் முழுக்க உட்கார்ந்து ஒரு மயில் செய்தேன். சுருள் ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். அரை மில்லிமீட்டர் கூடினாலும் பிரித்துச் சுற்றினேன். காகத்தைப் பழைய செய்தித்தாள் கட்டில் செருகினேன். அது கட்டோடு பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. வேண்டுமென்றேதான் செருகினேன்.

அவள் மயிலைப் பார்த்துவிட்டுக் காகத்தை வீடெல்லாம் தேடினாள். மருமகள், “வேண்டாம்ப்பா, இன்னும் ரெண்டு நாள் இருக்கு, அவளே இன்னொண்ணு பண்ணட்டும்” என்றாள். எல்லாரும் பஞ்சவர்ணக் கிளி கொண்டுவரும் இடத்தில் நம் குழந்தை மட்டும் கறுப்பு உருண்டையோடு நிற்க வேண்டுமா என்று கேட்டேன். பிறகு குழந்தையிடம் சொன்னேன்: “யாராவது கேட்டா நீயே பண்ணினதா சொல்லு.”

கண்காட்சியன்று நான்தான் அவளோடு போனேன். கிளியும் மீன்கொத்தியுமாக அறை நிறைந்திருந்தது. அவற்றைச் செய்த அப்பாக்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். ஆசிரியை எங்கள் மயிலருகே வந்து நின்றாள். நீ செய்ததா என்று கேட்டாள்.

“நான்தான் மிஸ்.”

ஆசிரியை ஊசியையும் ஒரு பட்டையையும் அவள் கையில் கொடுத்தாள். குழந்தை சுற்றினாள். விட்டதும் சுருள் தளர்ந்து மேசையில் விரிந்துவிட்டது.

“பொய் சொல்லக் கூடாதும்மா” என்றாள் ஆசிரியை, கடுமையில்லாமல்தான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் எங்கள் அடுக்குமாடியின் ஐஸ்கிரீம் குச்சிக் கலங்கரை விளக்கக்காரர். குழந்தை என்னைப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. தேர்வறையில் அத்தனை பேரை எழுப்பி நிறுத்திய குரல் அன்று எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை தனியாகப் போய் ஆசிரியையிடம் ஒப்புக்கொண்டேன். மயில் என்னுடையது, பொய்யும் என்னுடையது என்றேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

“விடுங்க சார். பாதி வீட்ல இப்படித்தான். நாங்க கண்டுக்கறதே இல்ல.”

அப்படியென்றால் இவளை மட்டும் ஏன் கேட்டீர்கள் என்றேன்.

“இவ ஒருத்திதான் சார் எப்பவும் தானே பண்ணிட்டு வருவா. அதான் எனக்கு வித்தியாசமா இருந்துது.”

வடக்கு மாட வீதி வழியாக வீட்டுக்கு நடந்தேன். நான் இத்தனை நாள் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ அவர்கள் யாரும் என் அளவுக்கு இறங்கவில்லை. அவர்கள் செய்யாத பிள்ளைக்குச் செய்து கொடுத்தார்கள். நான் செய்தவளிடமிருந்து பிடுங்கினேன்.

சாயங்காலம் பேத்தியிடம், மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“எல்லார் முன்னாடியுமா சொன்னே?”

“இல்லை. மிஸ் கிட்ட மட்டும்.”

“என்னைச் சொன்னப்போ எல்லாரும் இருந்தாளே தாத்தா” என்றாள். கோபமாகக்கூட இல்லை. வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது போன வருடம். இப்போது, வரும் வாரம் பெற்றோர் கூட்டம். அதே வகுப்புதான் நாலாவதுக்கு வந்திருக்கிறது. அதே அப்பாக்கள் வருவார்கள். நானும் வருவதாக மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். எழுந்து நின்று என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நிற்பேனா என்பதைத்தான் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.