அறுத்த வேர்க்கயிறு

நெமிலிச்சேரி ஏரியை ஒட்டி இருளர் குடிசைகள் கொஞ்சம் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு நான்தான் கிராம சுகாதாரச் செவிலியர். அங்கே ஒரு பெண்ணுக்கு நிறைமாதம். கால் வீங்கி, பிரஷர் ஏறிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போய்விடலாம். கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்தேன்.

அவள் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். குலசாமி கன்னியம்மாவை வேண்டி, வேர் வைத்து மகளின் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தாள். பிள்ளை பிறந்தபின் கட்டிய கைதான் அதை அவிழ்க்க வேண்டும். "யாரும் தொடமாட்டாங்க, நான் பொறுப்பு" என்றேன். வார்டில் டூட்டி நர்ஸிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மத்தியானம் ஷிஃப்ட் மாறியது. அடுத்து வந்த நர்ஸ், துணி மாற்றும்போது அந்தக் கயிற்றைக் கத்தரியால் நறுக்கென்று வெட்டிக் குப்பை வாளியில் போட்டுவிட்டாள். அந்தப் பெண் கட்டிலை விட்டு இறங்கி, அம்மாவோடு ஷேர் ஆட்டோ பிடித்துப் போயே போய்விட்டாள்.

வார்டு ஆயா போன் செய்ததும் ஓடிப்போய்ச் சண்டை போட்டேன்.

"அழுக்குக் கயிறு சிஸ்டர், இன்ஃபெக்‌ஷன் ஆயிடாதா? இவங்களுக்குப் போய் இவ்ளோ பேசுறீங்க!" என்றாள் அந்த நர்ஸ்.

இவங்களுக்குப் போய்! எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகப் பெரிய டாக்டரிடம் போனேன். "சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதீங்க. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார். கூட்டிக்கொண்டு வரணுமாம்! எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

போனேன், வேறு வழி? குடிசைக்குள்ளே பாயில் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிரஷர் காலையைவிட ஏறியிருந்தது. வாசலில் குந்தியிருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க ஆளுங்க பண்ணது தப்பும்மா. மன்னிச்சுடுங்க. இன்னொரு கயிறு கட்டி அனுப்புங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கட்றேன் நர்ஸம்மா. நீ அவகூடவே இருப்பியா?"

"முடியாதும்மா. வார்டுல எனக்கு டூட்டி கிடையாது, விடமாட்டாங்க."

"செரி. இதையும் அறுக்கமாட்டாங்கன்னு சொல்லு, இப்பவே இட்டாறேன்."

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு பொய்தானே, ஆட்டோவில் ஏற்றிவிட்டால் உயிர் மிஞ்சுமே என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவேயில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"உன் ஆளுங்கள நீயே நம்பல. நான் இன்னான்னு நம்பி என் பொண்ண அனுப்புவேன்?"