அலைக் குளத்துக்கு அத்தையை அழைத்துப் போனது

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசியில், எங்கள் குடும்பத்தில் இருபத்தோரு பேரை ஒரே வேனில் ஏற்றி, சென்னைக்குப் போகும் வழியில் இருந்த தண்ணீர் விளையாட்டு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனேன். மேலே கூரை போட்ட இடம். மழை பெய்தாலும் விளையாடலாம். இந்த வீரச்செயலுக்கு யாரும் எனக்கு மாலை போடவில்லை. புதுச்சேரியில் எனக்கு வேலை நிரந்தரமான சந்தோஷத்தில், எல்லாரையும் அழைத்துப் போகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அப்புறம் பின்வாங்க முடியவில்லை.

மழை பிடித்து மரக்காணம் உப்பளங்களில் எங்கள் குடும்பத்து வேலை நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தை விட்டால் எங்கள் ஆட்களை ஒன்றாகப் பிடிக்கவே முடியாது. "வானமே ஊத்துது. நனையிறதுக்கு வேன் வச்சிக்கினு போவணுமா?" என்று சித்தப்பா கிண்டல் செய்தார். ஜன்னல் சீட்டில் முதலில் துண்டு போட்டு இடம் பிடித்தவரும் அவர்தான்.

நான் முக்கியமாக அழைத்துப் போக நினைத்தது அத்தையை. அப்பாவின் அக்கா. கல்யாணத்துக்கு முன்பே உப்பளத்தில் இறங்கியவள். வாழ்நாளில் பாதியை உப்புத் தண்ணீரில் நின்றே கழித்தவள், ஒரு நாளும் தண்ணீரில் விளையாடியதில்லை. விளம்பரத் தாளில் அலைக் குளத்தின் படத்தைப் பார்த்ததும், "இதுல ஒரு வாட்டி எறங்கி நிக்கணும் பாப்பா. வேலைக்கு இல்லாம, சும்மா" என்றாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் அவள். அவள் வாய்திறந்து கேட்டுவிட்டாள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆனால் எனக்குள் ஒரு அற்ப புத்தி இருந்தது. அத்தையின் கால்கள் என் கண்ணை உறுத்தின. பாதமெல்லாம் வெளுத்து, தோல் தடித்து, குதிகால் சேற்று நிலம் காய்ந்த மாதிரி வெடித்திருக்கும். "அத்தே, அங்க படிச்சவங்க, பணக்காரங்க எல்லாம் வருவாங்க. கால செங்கல்லு வச்சி கொஞ்சம் தேச்சிக்கோ" என்று ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தேன். போதாததற்கு ஒரு ஜோடி சாக்ஸும் வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

ரிசார்ட்டில் புடவையோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். வாடகைக்கு நைலான் உடை கொடுத்தார்கள். முழங்கால் வரை பேன்ட்டும் தொளதொள சட்டையுமாக அத்தை வெளியே வந்ததும் குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் பேன்ட்டைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே சிரித்தாள். காலில் நான் கொடுத்த சாக்ஸ் இருந்தது.

அலைக் குளத்தின் வாசலில் நின்ற காவலர் அந்தச் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள். அவர் முகம் மாறியது. "தோல் வியாதி இருக்கறவங்க எறங்கக் கூடாதும்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இங்கிலீஷும் தமிழுமாக நான் கத்த ஆரம்பிப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "ஏம்பா, இதுவா வியாதி? இது உப்புக் காலுப்பா. எங்க எல்லாருக்கும்தான் இருக்குது, பாரு!" என்று தன் காலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். அம்மா, சித்தி, பெரியப்பா என்று உப்பளத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு காலைத் தூக்கினார்கள். காவலர் இரண்டடி பின்னால் போய் விசிலை ஊதினார். அதுவரை ஒருத்திக்குத்தான் தடை. எங்கள் ஆட்கள் வாதாடி அதை எட்டுப் பேருக்கு ஆக்கினார்கள்.

எட்டுப் பேரையும் முதலுதவி அறைக்கு அனுப்பினார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கால் நீட்டினார்கள். நர்சம்மா பொறுமைசாலி. "காஞ்ச தோல்தான், புண் இல்ல, நீங்க போலாம்" என்று ஏழு பேரை அனுப்பிவிட்டார். கடைசியில் அத்தை. இடது குதிகாலில் ஒரு வெடிப்பு சிவந்து, ரத்தம் கசிந்திருந்தது. "இது புதுசா இருக்கே. எதையாச்சும் வச்சித் தேச்சீங்களா?"

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "வயசான காலு. அதுவா வெடிச்சிக்கிச்சி" என்றாள்.

நர்சம்மா பிளாஸ்திரி போட்டார். அந்தக் காலை நனைக்கக் கூடாது, குளத்தில் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கரை மாதிரிச் சரிந்திருந்த குளத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைத்தேன். பக்கத்தில் தரையில் நான். அலை எழும்பியதும் வந்திருந்த கூட்டமெல்லாம் சரிந்து விழுந்தது. எங்கள் ஏழு பேர் விழவில்லை. பருவத் தொடக்கத்தில் உப்புப் பாத்தியின் தரையை இறுக்குவதற்கு வரிசையாக நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரே தாளத்தில் மிதிப்பார்கள். அதே போல அலைக்குள் மிதித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வரிசைக்கு எப்போதும் குரல் கொடுப்பவள் அத்தை. நாற்காலியிலிருந்தே கொடுத்தாள். "குதிகால ஊனு! ஒண்ணா போடு! டேய், நீ பிந்துற!" சித்தப்பா பயந்து வேகமாக மிதித்தார். காவலர் விசிலை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அலை ஓய்ந்த நேரத்தில், குளத்தைப் பார்த்தபடியே அத்தை கேட்டாள். "செங்கல்லு வச்சித் தேய்க்கச் சொன்னியே. எனக்காவவா, உனக்காவவா?"

பொய் சொல்ல முடியவில்லை. "எனக்காகத்தான் அத்தே. வெக்கமா இருந்துச்சி."

"தெரியும். அதான் நீ சொன்னதுக்கு மேலயே அழுத்தித் தேச்சிட்டேன். உன் கூட நிக்கணுமில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கண்டுகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்து இழுத்துத் தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். நானும் கூடவே நகர்ந்து போய் உட்கார்ந்தேன். "அந்தம்மா இந்தக் கால மட்டுந்தான நனைக்காதன்னாங்க?" என்று பிளாஸ்திரி போட்ட காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

மறுபடி அலை வந்தது. அவளுடைய ஒற்றைப் பாதத்தை மூடிவிட்டுத் திரும்பியது. "சும்மாவே வருது பாரேன்" என்று சிரித்தாள். இன்னொரு பாதத்தை, ஒரு சொட்டும் படாமல், இரண்டு கையாலும் என் மார்புயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அலை நிற்கும் வரை.