வேலி பற்றிய நிலைப்பாடு

யாழ்ப்பாணத்தில் காணி உள்ளவனுக்கு வேலி வழக்கும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக் கதியாலை ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டுவிட்டார் என்று அப்பா வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்கி, கடைசியில் வென்றார். வென்ற சந்தோஷம் ஆறுவதற்குள் இராணுவம் வந்து இரண்டு வீட்டையும், ஊரையும் சேர்த்து முள்ளுக்கம்பிக்குள் அடைத்து, உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைத்தது. வென்றவரும் தோற்றவரும் ஒன்றாக ஓடினார்கள். சட்டம் சொன்னால் வேலி நகரும் என்ற நம்பிக்கையை மட்டும் அப்பா விடவில்லை. கனடாவில் மொன்றியலுக்கு வரும்போது அதையும் கொண்டுவந்தார்.

நான் அப்போது டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிற வழியில் அப்பாவைச் சென்ட் லோரன்டில் ஒரு பிரெஞ்சு வகுப்பில் இறக்கிவிடுவேன். அங்கே அவர் பக்கத்தில் ஒரு பாலஸ்தீனக் கிழவர் இருந்தார். இருவரும் இறந்தகாலம் வரை படித்து முடிக்கவில்லை. ஆகவே போன சொத்தை நிகழ்காலத்திலேயே கதைத்தார்கள். "எனக்கு ஒரு கிணறு இருக்கிறது" என்பார் அப்பா. "எனக்கு ஒலிவ மரங்கள் இருக்கின்றன" என்பார் அவர். கேட்டால் இரண்டு பெரிய பண்ணையார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

அவருடைய மரங்கள் இஸ்ரேல் கட்டிக்கொண்டிருந்த தடுப்புச் சுவருக்கு அப்பால் போய்விட்டன. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுக் கோடையில் உலக நீதிமன்றம் அந்தச் சுவர் சட்டத்துக்கு முரணானது என்றது. கனடாவின் நிலைப்பாடும் கிட்டத்தட்ட அதுதான் என்று அவர் ஆங்கிலத்தில் என் மூலம் அப்பாவுக்கு விளங்கப்படுத்தினார். தன் நிலத்தில் ஒரு நாடு வேலி போடலாம். ஆக்கிரமித்து வைத்திருக்கும் நிலத்தில் போடுவது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம். ஆனால் ஐ.நா. சபையில் வாக்கெடுப்பு வந்தபோது கனடா எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டது என்று சொல்லிக் கசந்துகொண்டார்.

அப்பாவின் மனதில் முதல் பாதிதான் நின்றது. காரில் ஏறியதும் தொடங்கிவிட்டார்.

"தம்பி, இது எங்கடை வேலி வழக்குத்தானே. எங்கடை கம்பிக்கும் கனடா இப்பிடிச் சொல்லுமோ எண்டு கேக்கவேணும். கை தூக்காட்டிலும் பரவாயில்லை, வாயாலை சொன்னாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் ஊருக்குப் போனவர், கம்பியடியில் நின்ற சிப்பாய் திருப்பி அனுப்ப, வீட்டுக் கூரையைக்கூடக் காணாமல் வந்தவர். அந்தக் கம்பி பிழை என்று ஒரு அரசாங்கம், ஏதோ ஒரு அரசாங்கம், சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு கனடியப் பாராளுமன்ற உறுப்பினர் வருவதாக இருந்தது. அப்பாவுக்கு ஐந்து நிமிடம் தருவதாகச் சங்கத்தார் வாக்குக் கொடுத்தார்கள். அப்பா கேள்வியைப் பிரெஞ்சில் பாடமாக்கினார். குளிக்கும்போதும், வகுப்பில் பாலஸ்தீனக் கிழவரிடமும் சொல்லிப் பார்த்தார்.

விருந்தினரை நாங்கள் சும்மா விடுவோமா? விளக்கேற்றினோம், வரவேற்பு நடனம் ஆடினோம். தலைவர் பொன்னாடை போர்த்தினார். பிறகு முன்னாள் தலைவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மாலை போட்டார்கள். ஒருவரை விட்டால் அவர் அடுத்த வருடம் புதுச் சங்கம் தொடங்கிவிடுவார். ஏற்கெனவே எங்கள் ஊருக்கு இரண்டு இருந்தன. பேச்சாளர்கள் வேலியே பயிரை மேய்ந்த கதையைத் தமிழில் முழங்கினார்கள், அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்காமல். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், எழுந்து "வணக்கம்" என்றார். மண்டபம் அதிரக் கைதட்டியது. அவர் போய்விட்டார். முன் வரிசையில் அப்பா கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி இருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்பாவை இழுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். உறுப்பினர் காரில் ஏறிவிட்டிருந்தார். ஆனால் வயதான அப்பாவைக் கண்டதும் இறங்கி வந்து, குனிந்து நின்று கேட்டார். அப்பா ஒரு பிழையும் விடாமல் முழுக் கேள்வியையும் சொல்லி முடித்தார்.

அவர் தந்த பதிலை நான்தான் தமிழாக்கினேன். சுவர் பற்றிய அந்த நிலைப்பாடு ஒரு நாடு தன்னுடையதல்லாத நிலத்தை ஆக்கிரமித்து வைத்திருப்பது பற்றியது. இலங்கையில் கம்பி போட்டது அந்த நாட்டின் சொந்த அரசாங்கம், சொந்த நாட்டுக்குள். அதைச் சட்டம் ஆக்கிரமிப்பு என்று சொல்லாது. இரு தரப்பும் பேச வேண்டும் என்பதற்கு மேல் கனடாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

"காணி என்ரை பேரிலை இருக்கெண்டு சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். தனக்கு வருத்தமாக இருக்கிறது என்றார் அவர். உண்மையாகவே வருந்தினார், திட்டுவதற்குக்கூட எனக்கு இடமில்லாமல் போனது.

நான் ஓடாமல் இருந்திருக்கலாம். மாலைகளோடு அந்த மனிதரைப் போகவிட்டிருந்தால், அப்பா சங்கத்தாரைத் திட்டிக்கொண்டு, அடுத்த விழாவுக்குக் கேள்வியைத் தயார் செய்துகொண்டு, இன்னும் சில காலம் நம்பிக்கையோடு இருந்திருப்பார்.

அடுத்த வகுப்பு நாள் பாலஸ்தீனக் கிழவர் வாசலிலேயே காத்து நின்றார். என்ன சொன்னார்கள் என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா என் கையைப் பிடித்தார்.

"எங்களுக்கும் அதைத்தான் சொன்னவை எண்டு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். தன் நண்பரின் வீட்டைச் சுற்றிய வேலியும் சட்டவிரோதம்தானாம் என்று வகுப்புக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். அப்பா தலையை நிமிர்த்தாமல் ஒவ்வொருவருக்கும் பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லிக்கொண்டு நின்றார்.